பழைய ஆம்னியின் கதவுக்குள் எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது

உங்களிடம் ஒரு பழைய மாருதி ஆம்னி இருக்கிறது. நன்றாக ஓடுகிறது, ரிப்பேர் செலவும் கையைக் கடிக்கவில்லை, விற்க மனம் வரவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் கதவில் முழங்கை பட்டால் சுடுகிறது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் நான்கு கதவும் தகர டப்பா போலக் கடகடக்கின்றன. ஏ.சி. போட்டிருந்தால், அது குளிர்வதற்குள் போகவேண்டிய இடம் வந்துவிடுகிறது. கதவுக்குள் எதையாவது ஒட்டினால் இதெல்லாம் தீருமா?

ஓரளவுக்குத் தீரும். ஆனால் தவறான பொருளைத் தவறான இடத்தில் ஒட்டினால், சில மழைக்காலங்களிலேயே கதவின் அடித்தகடு துருவேறி உதிரத் தொடங்கும். அதனால் பொருள் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் கதவு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆம்னியையே எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. 1984-இல் 'மாருதி வேன்' என்று வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை அடிப்படை வடிவம் பெரிதாக மாறாமலே விற்ற வண்டி அது. பள்ளிப் பிள்ளைகள், சமையல் பாத்திரம், பூக்கூடை, கேஸ் சிலிண்டர் என்று நம் ஊரில் அது சுமக்காதது இல்லை. உங்களுடையது வேறு பழைய வேனாக இருந்தாலும் கதவின் உள்ளமைப்பு ஏறத்தாழ இதுதான்.

கதவுக்குள் என்ன இருக்கிறது? வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஓர் இரும்புத் தகடு. உள்ளே இன்னொரு தகடு. அதில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். அதன் மேல் ரெக்ஸின் போர்த்திய ஹார்ட்போர்டு, கிளிப்பில் நிற்கும். முன்கதவில் இரண்டு தகட்டுக்கும் நடுவே கண்ணாடி இறங்கும் இடம், அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் (கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடியைத் தூக்கும் கம்பி அமைப்பு), பூட்டுக்குப் போகும் கம்பிகள். பின்பக்கத் தள்ளுகதவில் கண்ணாடி கீழே இறங்காது, பக்கவாட்டில்தான் நகரும். அதனால் அங்கே உள்ளே இடம் கூடுதல்.

இந்த நடு இடம் காய்ந்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்தால் தண்ணீர் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கும். அப்படி இறங்கும் என்று தெரிந்தேதான் கதவைச் செய்திருக்கிறார்கள். மேலே இருக்கும் ரப்பர் பட்டை பெரும்பாலான தண்ணீரைத் தடுக்கும், மீதி உள்ளே போய், வெளித்தகட்டின் உட்புறமாக வழிந்து, கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு ஓட்டைகள் வழியாகத் தரையில் சொட்டிவிடும். அவை வடிகால் ஓட்டைகள். பழைய வண்டியில் கதவு அடியோடு அரிப்பதற்கு முக்கியக் காரணம், மண்ணும் இலைத்தூளும் சேர்ந்து இந்த ஓட்டைகளை அடைத்துவிடுவதுதான்.

உங்கள் வண்டியில் அவை திறந்திருக்கின்றனவா? முன்கதவுக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அதன் வெளிப்பக்கத்தில் ஒரு மக்குத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் கதவின் அடியில் சொட்ட வேண்டும். சொட்டாமல், கதவை ஆட்டினால் உள்ளே 'சளக்' என்று கேட்டால் அடைப்பு இருக்கிறது. ஈர்க்குச்சியை அடியிலிருந்து செருகி லேசாகக் குடைந்தாலே பெரும்பாலும் திறந்துகொள்ளும். முதலில் கறுப்பாகச் சேறு வரும், அப்புறம் தண்ணீர் வரும். தண்ணீரில் துருப்பொடி நிறைய வந்தால், ஒட்டும் வேலையை ஒத்திவைத்துவிட்டு டிங்கரிங் ஆளிடம் காட்டுங்கள்.

இந்தத் தண்ணீர்க் கணக்கு புரிந்துவிட்டால், எவற்றைக் கதவுக்குள் விடக்கூடாது என்பது தானாகவே தெரிந்துவிடும். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் எதுவும் கூடாது. மெத்தை ஸ்பாஞ்சு, பழைய கார்பெட், கண்ணாடிப் பஞ்சு மூன்றும் ஈரத்தைப் பிடித்துத் தகட்டோடு ஒட்டியே வைத்திருக்கும். நனைந்த பஞ்சு வெப்பத்தையும் தடுக்காது, ஏனென்றால் வெப்பத்தைத் தடுத்தது அதற்குள் இருந்த காற்று, அந்த இடத்தில் இப்போது தண்ணீர். தெர்மோகோல் சும்மா கிடைக்கிறது என்று சிலர் செருகுவார்கள். அது ஓடும்போது உரசி உரசிக் கீச்சிடும், உதிர்ந்து வடிகாலை அடைக்கும், நெருப்புப் பட்டால் சட்டென்று எரியும்.

ஸ்பிரே ஃபோம் (டப்பாவிலிருந்து பீய்ச்சினால் பொங்கி இறுகும் நுரை) அடித்தால் வேலை சுலபமாயிற்றே என்று கேட்பீர்கள். தயவுசெய்து கதவுக்குள் அதை அடிக்காதீர்கள். பொங்கும்போது மெல்லிய வெளித்தகட்டைப் புடைக்க வைக்கும், ரெகுலேட்டரைப் பிடித்துக்கொள்ளும், வடிகாலை மூடும். நாளைக்குப் பூட்டுக் கம்பி கழன்றால் அந்த நுரையைக் கத்தியால் வெட்டி எடுத்துத்தான் கையை உள்ளே விடமுடியும். சுவர் இடுக்கை நிரப்பக் கண்டுபிடித்த பொருளுக்குக் கதவில் வேலையில்லை.

சரி, எதைத்தான் ஒட்டுவது? இரண்டே இரண்டு பொருள் போதும், இரண்டுக்கும் வேலை வேறு. முதலாவது டேம்பிங் ஷீட் (தகடு அதிர்வதை அடக்கும் ஒட்டும் ஷீட்). ஒருபக்கம் பிசுபிசுப்பான ரப்பர், மறுபக்கம் அலுமினியப் படலம், கனம் சுமார் 2 மில்லிமீட்டர். வாங்கும்போது 'பியூட்டைல்' (மாடித் தாருக்குப் பதிலாகச் செயற்கை ரப்பரில் செய்தது) தானா என்று கேட்டு வாங்குங்கள். அதே மாதிரி தோற்றத்தில் தார் ஷீட் மலிவாகக் கிடைக்கும். நம் வெயிலில் நிறுத்திய வண்டியின் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். தார் அதில் இளகி, வாடை வீசி, மெல்ல வழுக்கிக் கீழே இறங்கிவிடும். அது போய் உட்காருமிடம் வடிகால் ஓட்டைதான். மோந்து பார்த்தாலே தெரியும்: ரோடு போடும்போது வரும் வாடை வந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, மூடிய நுரை ரப்பர் (ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக அடைபட்டிருப்பதால் தண்ணீர் ஏறாத நுரை). பெயர் புதிதாக இருந்தாலும் இதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டு ஏ.சி.யின் செம்புக் குழாய்க்கு மேலே சுற்றியிருக்கும் கறுப்பு நுரை இதுதான். இதே பொருள் விரிப்பாகவும் ஏ.சி. சாமான் கடைகளில் கிடைக்கிறது. நெருப்பை விலக்கினால் தானாக அணையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டீல் வெப்பத்தைக் கடத்துவதோடு ஒப்பிட்டால் இந்த நுரை கடத்துவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒன்றே போதாதா? போதாது. கனமான டேம்பிங் ஷீட் தகட்டின் அதிர்வை அடக்கும், வெப்பத்தை அவ்வளவாகத் தடுக்காது. லேசான நுரை வெப்பத்தைத் தடுக்கும், அதிர்வை அடக்காது. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் வருகிறது என்றால், உங்கள் தொந்தரவு எது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஏ.சி. இல்லாத வண்டியில் கண்ணாடியை இறக்கி வைத்துத்தான் ஓட்டப் போகிறீர்கள், அதற்கு டேம்பிங் ஷீட்டை முதலில் போடுவேன். ஏ.சி. வண்டிக்கு நுரைதான் முதலில்.

கதவு முழுக்க ஒட்ட வேண்டுமா? வெளித்தகட்டில் தேவையில்லை. தகடு அதிர்வது நடுப்பகுதியில்தான், ஓரங்கள் மடிப்பில் இறுகியிருக்கும். நடுவில் பாதிப் பரப்பை மூடினாலே அதிர்வு வெகுவாக அடங்கிவிடும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்: ஒட்டுவதற்கு முன் 'டங்' என்று இழுக்கும் ஓசை, ஒட்டிய பின் 'தொப்' என்று நின்றுவிடும். நின்றுவிட்ட இடத்தில் இன்னொரு அடுக்கு ஒட்டுவது காசுக்கும் கேடு, கீலுக்கும் கேடு. இந்த ஷீட் சதுர அடிக்கு ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். முன்கதவின் கண்ணாடிக்குக் கீழுள்ள பகுதியை டேப்பால் அளந்து அதில் பாதியைக் கணக்கிட்டால் எத்தனை ஷீட் வேண்டும், எவ்வளவு எடை கூடும் இரண்டும் கிடைத்துவிடும்.

எடையைப் பற்றிச் சொல்லக் காரணம் தள்ளுகதவு. அது ரோலரில் தொங்கி ஓடுவது. பழைய ஆம்னியில் ரோலர் தேய்ந்து, கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் மூடும் என்ற நிலையில் பல வண்டிகள் இருக்கின்றன. அந்த நிலையில் உள்ள கதவில் கூடுதல் பாரம் ஏற்றாதீர்கள். முதலில் ரோலரை மாற்றுங்கள். பாதிச் சத்தம் அதோடு போய்விடுவதையும் பார்ப்பீர்கள். முன்கதவு தொங்கியிருந்தாலும் இதே கதைதான். கதவைத் திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இனி ஹார்ட்போர்டைக் கழற்றும் வேலை. ஸ்க்ரூக்களை எடுத்தபின் உங்களைத் தடுத்து நிறுத்துவது கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. அதில் ஸ்க்ரூ எதுவும் கண்ணில் படாது. அதன் பின்பக்கம், தண்டைக் கவ்வியபடி குதிரை லாடம் வடிவில் ஒரு சிறு கம்பிக் கிளிப் இருக்கும். ஒரு பழைய பனியன் துணியைக் கைப்பிடிக்கும் ஹார்ட்போர்டுக்கும் நடுவே செருகி, இரண்டு முனையையும் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதைப் போல இப்படியும் அப்படியுமாக இழுங்கள். துணி கிளிப்பின் முனையில் மாட்டி அதைத் தெறிக்க வைக்கும். தெறித்த வேகத்தில் அது எங்காவது போய் விழும். ஆகவே இன்னொருவரைக் கையால் மேலே மறைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு ஹார்ட்போர்டின் அடிப்பக்கத்திலிருந்து கிளிப்பு கிளிப்பாகப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்புங்கள். பழைய ஹார்ட்போர்டு ஈரத்தில் ஊறி உப்பியிருந்தால் கிளிப் அதிலேயே பிய்ந்துகொண்டு வரும். சில கிளிப்புகளைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

ஹார்ட்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அல்லது ஒட்டியிருந்த அடையாளமாவது இருக்கும். மெக்கானிக்குகள் பலர் ஒருமுறை கிழித்தால் திரும்ப ஒட்டுவதில்லை. இந்தத் தாள்தான் கதவின் ஈரப் பகுதியையும் வண்டியின் உட்பகுதியையும் பிரிக்கும் சுவர். மழைக்குப் பின் கால்மிதிக்கு அடியில் ஈரம், உள்ளே முடை நாற்றம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இது இல்லாததைத்தான். தடித்த பாலித்தீன் தாளை வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றைக் கவனியுங்கள்: தாளின் அடிவிளிம்பு கதவின் உட்குழிக்குள் மடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் தாளில் வழியும் தண்ணீர் மறுபடி கதவுக்குள் விழுந்து வடிகாலுக்குப் போகும். விளிம்பு வெளியே நின்றால் தண்ணீர் உங்கள் காலடிக்கு வரும்.

தாளை உரித்தபின் பெரிய ஓட்டைகள் வழியாக வெளித்தகட்டின் உட்புறத்தை எட்டலாம். தளர்ந்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, ஒருநாள் காயவிடுங்கள். துருவின் மேலேயே ஷீட்டை ஒட்டினால் துரு அடியில் மறைந்து வளரும், ஷீட்டோ துருவோடு சேர்ந்து கழன்று விழும். தகட்டை மண்ணெண்ணெயில் துடைக்காதீர்கள், அதன் எண்ணெய்ப்பசையில் எதுவும் ஒட்டாது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள், துணியில் அழுக்கு வருவது நிற்கும் வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

ஷீட்டைக் கைக்கு அடக்கமான துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், கதவு ஓட்டையின் விளிம்பும் அப்படியே. வெளிநாட்டில் ஷீட்டை இளக்க சூடுகாற்றுத் துப்பாக்கி பிடிப்பார்கள். நமக்குக் காலை வெயிலில் நிறுத்திய வண்டியின் இளஞ்சூடே போதும். ஒட்டியபின் சிறு ரோலரால் அழுத்தி உருட்டுங்கள். படலத்தில் மேடுபள்ளமாக ஒரு கோலம் பொறித்திருக்கும். அந்தக் கோலம் தேய்ந்து மட்டமானால் ஷீட் முழுக்கப் பிடித்துவிட்டது என்று பொருள். கோலம் நிற்கும் இடத்தில் அடியில் காற்று இருக்கிறது, காற்று இருந்தால் ஈரமும் வந்து தங்கும். அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்கு எதையும் ஒட்டாமல் வெற்றுத்தகடாக விடுங்கள், அது தண்ணீருக்கான இடம்.

அலுமினியம் பளபளப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்புமா? எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் பளபளப்புக்குப் பலன். இந்த ஷீட்டில் படலம் கதவின் வெற்றிடத்தைப் பார்த்து நிற்பதால், சூடான தகடு உள்பக்கம் வீசும் வெப்பம் குறையும். அதே படலத்தின் மேல் நுரையை நெருக்கி ஒட்டிவிட்டால் பளபளப்பு வீண். ஆகவே முன்கதவில் நுரையை வெளித்தகட்டில் ஒட்டாமல், பிளாஸ்டிக் தாளுக்கும் ஹார்ட்போர்டுக்கும் நடுவே போடுங்கள். அது காய்ந்த பக்கம். அங்கே 5, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போனால் ஹார்ட்போர்டின் கிளிப் எட்டாது, தட்டித் திணித்தால் உடையும். கிளிப் நுழையும் இடங்களிலும் கைப்பிடித் தண்டைச் சுற்றியும் நுரையை வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள். எல்லாம் மூடுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள். பூட்டை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறந்து பாருங்கள். கதவுக்குள் ஸ்பீக்கர் வயரோ சென்ட்ரல் லாக் வயரோ ஓடினால், அது கண்ணாடியோடு உரசாதபடி கட்டிவிடுங்கள்.

இத்தனையும் செய்து பீடிங்கை (கதவுச் சட்டத்தைச் சுற்றி ஓடும் ரப்பர்) விட்டுவிட்டால் ஏ.சி. வண்டிக்காரருக்குப் பாதிப் பயன்தான். ஒரு காகிதத் துண்டைச் சட்டத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. சுற்றிலும் பல இடங்களில் இப்படிப் பார்த்துவிடுங்கள். சென்னை புதுப்பேட்டையிலும் மற்ற ஊர்களின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் ஆம்னி பீடிங் இன்னும் கிடைக்கிறது. ஓடும்போது வரும் விசில் சத்தமும் தூசியும் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். சொல்லப்போனால், ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்பவருக்கு நான் சொல்வது பீடிங்கைத்தான்.

வண்டியை இறுக்கமாக அடைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் போயிருந்தால் எஞ்சின் சூடும், பெட்ரோல் வாடையும், சைலன்சர் பைப்பில் கசிவு இருந்தால் புகையும் உள்ளே வரும். இதுவரை கதவு இடுக்கு வழியாக வெளியேறிக்கொண்டிருந்த புகை, நீங்கள் இடுக்கை அடைத்தபின் உள்ளேயே தங்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு (எரிபொருள் அரைகுறையாக எரிந்தால் வரும் நச்சுவாயு) நிறமோ மணமோ கிடையாது. முதலில் தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகும். கேஸ் கிட் வைத்த வண்டி என்றால் கசிவையும் பார்த்தாக வேண்டும். ஆகவே எஞ்சின் மூடி ரப்பர், சைலன்சர், கேஸ் இணைப்பு ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே கதவைத் தொடுங்கள். பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு இது இன்னும் கட்டாயம்.

அப்படியானால் கதவு வேலை முடிந்ததும் எவ்வளவு குளிர்ச்சியை எதிர்பார்க்கலாம்? நடுப்பகலில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு அருகில், 8 முதல் 13½ டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் உச்சிவெயில் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே அடிக்கும். அந்த வெயிலை வாங்குவது கூரை. கதவு வெயிலை வாங்குவது காலையிலும் மாலையிலும், அது சாய்ந்து வரும்போது. பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரும் நேரம் அதுவே என்பதால் உங்களுக்கு வித்தியாசம் தெரியும். நடுப்பகலில் ஓட்டுபவர் என்றால் கூரைக்கு உள்ளே நுரை போடும் செலவை முதலில் செய்யுங்கள்.

கண்ணாடி வழியாக வரும் வெயிலைக் கதவுக்குள் ஒட்டும் எதுவும் தடுக்காது. கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்றால், 2012-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது நினைவிருக்கும். விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும். வண்டி நிற்கும்போது கண்ணாடிக்கு மறைப்புத் தட்டி வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, பலனும் நன்றாகவே இருக்கும்.

சத்தத்தில் பெரிய மாற்றம் கதவின் கடகடப்பில்தான். எஞ்சின் உறுமல் குறையாது, அது சீட்டுக்கு அடியிலிருந்து வருகிறது.

கடையில் கொடுத்துச் செய்பவர்கள், வேலை தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, அடியில இருக்குற ஓட்டைய அடைச்சிடாதீங்க, பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டிட்டு மூடுங்க. மூடுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துக்கிறேன்." ஹார்ட்போர்டை மூடிவிட்டால் உள்ளே செய்த வேலையை யாராலும் பார்க்க முடியாது. ஒரு கதவை முடித்தபின் போய்ப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் செய்யச் சொல்வது இன்னும் நல்லது.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் இதனால் சிக்கல் வருமா? கதவுக்குள் ஷீட் ஒட்டுவதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் எதுவும் மாறுவதில்லை. கதவு ஒழுங்காகத் திறந்து மூடி, பூட்டு விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அந்தத் தேதி நெருங்குகிறது என்றால் அதற்கான எஃப்.சி.யை (தகுதிச் சான்று) முடித்துக் கையில் வாங்கிவிட்டு ஷீட் வாங்கக் கிளம்புங்கள். அதற்காக எப்படியும் டிங்கரிங், பெயின்ட் வேலை வரும். கதவில் வெல்டிங் வைத்தால் சூட்டில் ஷீட்டும் நுரையும் கருகும், தீயும் பிடிக்கலாம். ஒட்டும் வேலை எப்போதும் அதற்குப் பிறகுதான்.